ஆறு கிழமை லீவும் ஒரு சப்பாத்துப் பெட்டியும்



போன எபிசோடில் ஃப்ளாஷ்கார்ட் ஆப்கள் பற்றிக் கதைக்கும்போது, நடுவில் ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போனேன்: "என்ர மருமகனோட போன சமர் லீவுக்கு இதை ஆப் இல்லாமச் செய்து பார்த்தன்." அதோடு இன்பொக்ஸ் நிறைஞ்சு போச்சு. ஆப்களைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லாரும் கேட்டது மருமகனைப் பற்றித்தான். தம்பி தங்கச்சியை வீட்டில வச்சுக்கொண்டு முழிக்கிற ஆக்கள், அக்காமாருக்குப் பிள்ளைகள் இருக்கிற ஆக்கள், ஒன்றிரண்டு புது அப்பாமார். ஹெசனில் 2025இல் லீவு ஜூலை 7 தொடங்கி ஆகஸ்ட் 15 வரை. அதுக்கு முதல் எழுதினால்தான் பிரயோசனம். சரி, எழுதுறன்.

முதலில் என் கதை. அது இல்லாமல் நான் ஏன் இதில் இவ்வளவு பதட்டப்பட்டேன் என்று விளங்காது.

எனக்குப் பத்து வயசு. நாலாம் வகுப்பு. லீவு ஆறு கிழமையும் லண்டனில் பெரியம்மா வீட்டில். அங்கே தமிழும் இங்கிலிஷும்தான். ஒரு டொச் எழுத்துக்கூடக் கண்ணில் படவில்லை. திரும்பி வந்து வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னபோது நான் சொல்லுச் சொல்லாகத் தடக்கினது இப்பவும் ஞாபகம். அந்த வருசம்தான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறது என்று தீர்மானிக்கிற வருசம். ஆசிரியர் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டுக் கதைத்தார். மொழிபெயர்ப்பாளர் யார்? நான்தான். உங்களில் பாதிப்பேர் இதே வேலை பார்த்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

ஆசிரியர் சொன்னது: வாசிப்பு மிகவும் பின்னால் நிற்கிறது, கிம்னாசியம் கஷ்டம், ஹௌப்ட்சூல பொருத்தம். நான் தமிழில் சொன்னது: "நல்ல பிள்ளையாம். இந்தப் பள்ளிக்கூடம் எனக்கு நல்லமாம்." அம்மா சிரிச்சுக்கொண்டு கையெழுத்து வைத்தா. ஹெசனில் கடைசி முடிவு பெற்றோருடையது, பள்ளிக்கூடம் தருவது சிபாரிசு மட்டும்தான் என்று அன்றைக்கு அந்த மேசையில் எங்கள் பக்கத்தில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாது. நான் பிறகு ஹௌப்ட்சூல, ரியால்சூல, பிறகு ஃபாக்ஓபர்சூல என்று சுத்தி வளைச்சுத்தான் ஹோக்சூல டார்ம்ஸ்டாட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்ததில் குறை இல்லை. சுத்தினதில்தான் மூன்று வருசம் போனது. அந்த மொழிபெயர்ப்பை வீட்டில் சொல்லி ஒப்புக்கொண்டது எனக்கு 26 வயசில். அம்மா ரெண்டு நாள் என்னோடு கதைக்கேல்லை.

ஆக, 2024 ஜூலையில் அக்காவின் மகன் மூன்றாம் வகுப்பு முடித்து லீவுக்கு வந்து நின்றபோது, எனக்கு வயித்துக்குள்ள ஏதோ செய்தது. அக்காவும் அத்தானும் ரெண்டு பேரும் வேலை. ஆறு கிழமையும் பகல் முழுக்க அவன் அம்மாவோடு, அதாவது அவனுடைய அம்மம்மாவோடு. நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறவன். அக்கா கேட்டா: "நீதானே பொட்காஸ்ட்ல எல்லாம் கதைக்கிறாய், இவனுக்கு ஏதும் செய்யேன்."

நான் செய்த முதல் வேலை ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தோண்டினது. (வேற என்ன செய்வன்.) இந்த விசயத்தில் எல்லாரும் காட்டுவது ஹாரிஸ் கூப்பரும் கூட்டாளிகளும் 1996இல் அமெரிக்காவில் வெளியிட்ட தொகுப்பாய்வு. பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கோடை லீவில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்னுக்குப் போகிறார்கள் என்றார்கள். வாசிப்பை விடக் கணக்கு மோசம். காரணம் லேசு: லீவிலும் பிள்ளை எங்கேயோ எதையோ வாசிக்கும்; ஏழெட்டு எவ்வளவு என்று கடற்கரையில் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசிப்பு லீவில் கொஞ்சம் கூடவும் செய்தது, வசதி குறைந்த வீடுகளில் குறைந்தது.

இன்னொன்று பால்டிமோர் ஆய்வு. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் அலெக்சாண்டரும் டோரிஸ் என்ட்விசலும் 1982இல் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளை வருசக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் சொன்ன உவமை தண்ணிக் குழாய். பள்ளிக்கூடம் திறந்திருக்கும்போது எல்லாருக்கும் தண்ணி வருது. லீவில் குழாயைப் பூட்டினால், வீட்டில் கிணறு உள்ளவனுக்குப் பிரச்சினை இல்லை.

நல்ல கதை. ஆனால் டெக் பொட்காஸ்ட் கேட்கிற ஆக்களுக்கு நான் இதோடு நிறுத்தினால் நியாயம் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் போல் வொன் ஹிப்பெல் என்ற ஆராய்ச்சியாளர் முதலில் இதை நம்பினவர். பிறகு தானே திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்து 2019இல் எழுதினார்: பழைய பரீட்சைகளில் புள்ளி அளந்த முறையில் கோளாறு இருக்கு, புதுப் பரீட்சைகளை வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி அவ்வளவு தெளிவாகத் தெரியேல்லை. தரவை விட அளவுகோல்தான் கதையை எழுதியிருக்கு. எங்கள் வேலையிலும் இது நடக்கிறதுதானே: டாஷ்போர்டில் சிவப்பு எரியும், உள்ளே போய்ப் பார்த்தால் மெட்ரிக்கை வேறு மாதிரி எண்ணியிருப்பார்கள். ஆனால் ஒன்றை அவரும் மறுக்கவில்லை: லீவில் பிள்ளைகள் படிப்பது மிகக் குறைவு, அல்லது ஒன்றுமே இல்லை. ஒருத்தன் பின்னால் நிற்கிறான் என்றால், எட்டிப் பிடிக்க அவனுக்குக் கிடைக்கிற காலம் அதுதான்.

அமெரிக்காவில் லீவு பத்து, பதினொரு கிழமை. இங்கே ஆறு. அதனால் இங்கே பயப்படத் தேவையில்லை என்று சொல்லலாம். ஆனால் ஜேர்மனியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் குறைந்தபட்ச வாசிப்புத் தரத்துக்கு வரவில்லை என்று 2021இன் இக்லு ஆய்வு காட்டியது. அதற்கு ஐந்து வருசம் முன்பு அது 19 சதவீதம். பத்து வயசுக்குள் பாதை பிரிக்கிற நாட்டில் அது சின்ன இலக்கம் இல்லை.

எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறினது ஒரு தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்த்துத்தான். லீவு என்றால் இதுதான் லீவு: கொரோனாவில் அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடங்கள் கிட்டத்தட்ட 18 மாதம் பூட்டியிருந்தன. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூன்று பேரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளின் அளவீடுகளை வைத்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள், அதே ஊர்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளை விட மிகவும் பின்னால் நின்றார்கள். இங்கேயும் கணக்குத்தான் கூட அடிபட்டது. தமிழில் ஏற்பட்ட இழப்பு அதில் ஏறத்தாழப் பாதி. ஆனால் பள்ளிக்கூடம் திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் ரெண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதில் ஏறத்தாழ கால்வாசிக்குக் காரணம் 'இல்லம் தேடிக் கல்வி' என்று கணக்கிட்டார்கள். 2021 ஒக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கின திட்டம் அது: ஊரிலேயே இருக்கிற தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், பின்னேரத்தில் ஒன்று ஒன்றரை மணித்தியாலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து வாசிக்கவும் எண்ணவும் சொல்லிக் கொடுத்தார்கள். டப்லெட் இல்லை, ஆப் இல்லை. திண்ணை, கோயில் மண்டபம், ஒரு அக்கா. அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகு நான் ரெண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, மறந்தது செத்துப் போகாது. அதை 1885இலேயே ஹெர்மன் எபிங்ஹௌஸ் தன்னையே எலியாக வைத்து அர்த்தமில்லாத அசைகளைப் பாடமாக்கிக் காட்டிவிட்டார்: மறந்ததைத் திரும்பப் படிக்க முதல் தரத்தை விடக் குறைந்த நேரம்தான் பிடிக்கும். ரெண்டு, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் காணும், ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் வேணும்.

ரெண்டாவது முடிவுக்கு நான் தோற்றுத்தான் வந்தேன். முதல் கிழமை அவனிடம் ஒரு டப்லெட்டைக் கொடுத்து, வாசித்த புத்தகத்துக்குக் கேள்வி கேட்டுப் புள்ளி தருகிற ஆப் ஒன்றைப் போட்டுவிட்டேன். நாலு நாளில் பயங்கரப் புள்ளி. எனக்குப் பெருமை. ஐந்தாம் நாள் பார்த்தால், படமாக வந்து தான் ஏற்கெனவே பார்த்த கதைகளின் பேரைத் தேடித் தேடிக் கேள்விக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு பக்கம்கூட வாசிக்கேல்லை. "மாமா, இது ஹேக் தானே?" என்றான். ஓம், ஹேக் தான். எனக்குக் கோவமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆப்பைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான்தான் பிள்ளையை அதன் கையில் விட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போனவன்.

அதற்குப் பிறகுதான் சப்பாத்துப் பெட்டி. எபிசோடில் சொன்ன செபஸ்டியன் லைட்னரின் பெட்டிதான் அது, 1972இல் புத்தகமாக எழுதினது. இன்றைய ஃப்ளாஷ்கார்ட் ஆப்களுக்கெல்லாம் பாட்டன். பெட்டியை மட்டையால் பிரித்தோம். முதல் அறையில் உள்ள அட்டைகள் ஒவ்வொரு நாளும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, அது மூன்று நாளைக்கு ஒருக்கா. அதிலும் சரி என்றால் கிழமைக்கு ஒருக்கா. பிழைத்தால் திரும்ப முதல் அறை.

பெருக்கல் வாய்ப்பாட்டில் பத்துப் பத்தாக நூறு கணக்கு இருக்கு என்று பிள்ளைக்குப் பயம். ஆனால் உண்மையில் எத்தனை? 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எல்லாருக்கும் வரும், அதை எடுத்து விடுங்கோ. மிச்சம் 3, 4, 6, 7, 8, 9. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்பதால் அதையும் ஒன்றாக்குங்கோ. எண்ணிப் பார்த்தால் 21 அட்டை. அவ்வளவுதான்! இதை அவனோடு இருந்து அழித்து அழித்துக் காட்டினபோது அவன் முகம் மாறினதைப் பார்க்க வேணுமே. அந்த 21இல் அவனுக்கு வராதது எட்டு. மூன்று கிழமையில் ஒன்றைத் தவிர எல்லாம் கடைசி அறைக்குப் போய்விட்டது. அந்த ஒன்று 7 × 8. அது இப்பவும் அவனுக்கு எதிரி.

இன்னொரு விசயம், இதை டொச் ஆசிரியர்கள் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது தெரியாது. டொச்சில் 87ஐ 'ஏழும்-எண்பதும்' என்று சொல்லுவார்கள். தமிழில் எண்பத்தேழு: எழுதுகிற ஒழுங்கிலேயே சொல்லுகிறோம். வீட்டில் தமிழ் எண் கேட்டு வளர்கிற பிள்ளை, டொச்சில் கேட்டு எழுதும்போது 78 என்று போடும். மருமகனுக்கு இது அடிக்கடி நடந்தது. எல்லாரும் கவனக்குறைவு என்றார்கள். டொச்சைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கே இந்தத் தடுமாற்றம் உண்டு. இந்த எண் முறையை மாற்றச் சொல்லிக் கேட்கிற ஒரு சங்கமே இங்கே இருக்கு. தமிழும் புனிதம் இல்லை, சொல்லிவிடுறன். எண்பதுக்குப் பிறகு தொண்ணூறு என்று வரும்போது, 'நூறு' கேட்குதே, ஏன் நூறு இல்லை என்று அவன் அம்மாவோடு சண்டை பிடித்தான். அம்மாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

கணக்கில் மிச்சம் எல்லாம் மார்க்ட்பிளாட்ஸ் சந்தையில் நடந்தது. அம்மா கால், அரை, முக்கால் என்றுதான் யோசிப்பா. ஒரு கிலோ தக்காளி இவ்வளவு என்றால் முக்கால் கிலோ எவ்வளவு? அவன் சொல்ல வேணும், பிறகு கடைக்காரர் தராசில் போடுவார். பிழைத்தால் அவனுக்கு ஐஸ் இல்லை என்பது அம்மாவின் சட்டம். ஒரு நாளும் அந்தச் சட்டத்தை அமுல்படுத்தினதாக நான் காணேல்லை.

இப்ப வாசிப்புக்கு வாறன். இதற்காகத்தான் இந்த மடலையே எழுதுறன்.

எங்களுக்குப் பக்கத்திலேயே, ஃபிராங்க்பேர்ட் கோய்த்தே பல்கலைக்கழகத்தில் கொர்னேலியா ரோசெப்ரொக்கும் கூட்டாளிகளும் ஒரு முறையை உருவாக்கினார்கள், 'லௌட்லேசெ டான்டெம்' என்று பெயர். ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் சத்தமாக வாசிப்பது. நன்றாக வாசிக்கிறவர் 'டிரெய்னர்', மற்றவர் 'ஸ்போர்ட்லர்', அதாவது விளையாட்டு வீரர். டிரெய்னர் விரலை வரியில் ஓட்டுவார். பிழை வந்தால் ஒரு சில விநாடி பொறுத்துப் பார்ப்பார், தானே திருத்தாவிட்டால் சரியான சொல்லைச் சொல்லிக்கொடுப்பார்; வசனத்தைத் தொடக்கத்திலிருந்து திரும்ப வாசிப்பார்கள். தனியாக ஓடலாம் என்று தோன்றினால் வீரர் சைகை காட்டுவார், டிரெய்னர் சத்தத்தை நிறுத்துவார். இங்கே நிறையப் பள்ளிக்கூடங்களில் இது நடக்கிறது.

திட்டம்: நான் டிரெய்னர், மருமகன் வீரர், ஒரு நாளைக்கு 15 நிமிசம். யூஸ்டுஸ் லீபிக் ஹௌஸில் இருக்கிற நகர நூலகத்துக்குப் போய் அவனே தெரிவு செய்த புத்தகங்கள். டைனோசர், புட்பால், பிறகு துப்பறியும் கதை. நாங்கள் தெரிவு செய்யக்கூடாது என்பதில் நான் கண்டிப்பு.

ஒரு கிழமை நல்லாப் போனது. பிறகு எனக்கு வேலையில் ஒரு ரிலீஸ். மூன்று நாள் தவறிப் போச்சு. நாலாம் நாள் மத்தியானம் கோப்பி போடக் குசினிக்குப் போனால், மேசையில் அம்மாவும் அவனும். அவன் விரல் வரியில் ஓடுது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, அவனோடு சேர்ந்து டொச் வாசிக்கிறா. "அம்மம்மா, பொறுங்கோ. திரும்ப முதல்ல இருந்து." டிரெய்னர் அவன்.

அம்மா ஜேர்மனிக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல். டொச் கதைப்பா, வேலையில் சமாளித்தவ. ஆனால் கடிதம் வந்தால் எங்களிடம் தருவா. புத்தகம் என்று ஒன்றை அவ டொச்சில் வாசித்து நான் அதுவரை காணேல்லை. நான் வாசலில் நின்றுவிட்டு, கோப்பி போடாமலே திரும்பி அறைக்குப் போயிட்டன்.

பிறகு விளங்கினது, வேறு யாருக்கும் சொல்லிக் கொடுக்கிறபோதுதான் அவன் உண்மையில் கவனமாக வாசிக்கிறான். என்னோடு இருக்கும்போது எப்ப முடியும் என்று மணிக்கூட்டைப் பார்த்தவன், அம்மாவோடு இருக்கும்போது நீளச் சொல்லுகளை முதல் நாளே தனியப் பார்த்து வைத்தான், அவவுக்கு முன்னால் தடக்கக்கூடாது என்று. அம்மா பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டா: டொச் 15 நிமிசம் என்றால் தமிழ் 10 நிமிசம், அதில் டிரெய்னர் அவ. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் ஏற்கெனவே படித்த பாடங்கள்தான். சனிக்கிழமை வகுப்பும் லீவில் இல்லைதானே, அதுவும் மறந்துதான் போகும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேணும். சும்மா ஜாலியாகப் பொழுது போக்கினால் மொழி தானே வந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். 2004இல் பிரேமனில் கோடை முகாம் ஒன்று நடந்தது, மூன்றாம் வகுப்பு முடித்த, பெரும்பாலும் எங்களைப் போல வெளிநாட்டுப் பின்னணி உள்ள பிள்ளைகளுக்கு. ஒரு குழுவுக்கு நாடகம் மட்டும். இன்னொரு குழுவுக்கு நாடகத்தோடு நேரடியான டொச் இலக்கணப் பயிற்சியும். தெளிவான முன்னேற்றம் தெரிந்தது ரெண்டாவது குழுவில்தான். விளையாட்டோடு கொஞ்சம் வேலையும் வேணும்.

கொஞ்சம்தான். மிச்ச நேரம் அவன் வூக் குளத்தில் நீந்தினான், ஹெர்ன்கார்டனில் பந்தடித்தான், சலிச்சுப் போய்ச் சோபாவில் தலைகீழாகப் படுத்துக்கிடந்தான். பதினொரு மணித்தியால ரியூசன் போடுகிற மாமாமாரை எனக்குத் தெரியும். தயவு செய்து அந்த மாமா ஆகாதேங்கோ.

அவனுக்கு நான் சொன்ன ஒரு கதை நல்லாப் பிடித்தது, உங்களுக்கும் பிடிக்கும். எங்கள் ஊரில் இருக்கிற ஈசொக் மையத்திலிருந்து இயக்கின ரொசெட்டா விண்கலத்தை 2011 ஜூனில் நித்திரையில் போட்டார்கள். சூரியனிலிருந்து அவ்வளவு தூரம் போகும்போது மின்சாரம் காணாது. ஆனால் எல்லாவற்றையும் நிறுத்தவில்லை. கணினியும் சில சூடாக்கிகளும் மட்டும் ஓடின, உறைஞ்சு போகாமல் இருக்க. 2014 ஜனவரி 20இல் அதன் அலாரம் அடித்து, சூடேறி, சுழல்வதை நிறுத்தி, அன்டெனாவைப் பூமிக்குத் திருப்பி, 80 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து சிக்னல் அனுப்பியது. அது வந்து சேரவே 45 நிமிசம். நான் அன்றைக்கு மாணவன், லைவில் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்பார்த்த நேரம் முடியப் போகுது, சிக்னல் இல்லை, பிறகு திரையில் ஒரு சின்னக் கூர்ப்பு. இதைக் கேட்ட மருமகன் அன்றிலிருந்து அந்த 25 நிமிசத்துக்கு 'ஹீட்டர்' என்று பேர் வைத்தான். "மாமா, ஹீட்டர் போட்டாச்சு, நான் போகலாமோ?"

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. இந்த வருசத் தொடக்கத்தில் சிபாரிசு பற்றிக் கதைக்க அக்காவையும் அத்தானையும் கூப்பிட்டார்கள். கிம்னாசியம் என்று வந்தது. அந்த ஆறு கிழமையால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன்; அக்காவுக்கும் அத்தானுக்கும் டொச் என்னை விட நல்லம், அவனுடைய கிணற்றில் என்னுடையதை விடத் தண்ணி கூட. வேறு மாதிரி வந்திருந்தாலும் அக்காவுக்கு என்ன கேட்க வேணும் என்று தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் இந்த லீவுக்குப் பிறகு நாலாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை இருந்தால், பெற்றோருக்கு இப்பவே சொல்லி வையுங்கோ: ஹெசனில் பாதையைத் தெரிவு செய்வது நீங்கள், சந்தேகம் இருந்தால் திரும்பக் கதைக்கச் சந்தர்ப்பம் கேட்கலாம். அந்தச் சந்திப்புக்குப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். நீங்கள் போங்கோ.

சப்பாத்துப் பெட்டி இப்ப தங்கச்சிக்காரிக்குக் கை மாறியிருக்கு, அவ முதலாம் வகுப்பு முடிக்கிறா. அட்டைகளில் கூட்டலும் கழித்தலும். மருமகன் தன்னுடைய 7 × 8 அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான்.

நேற்று அம்மா என்னைக் கூப்பிட்டு, நூலகத்துக்குப் போனால் அந்தத் துப்பறியும் கதையின் நாலாம் பாகம் இருக்கோ என்று பார்த்து வரச் சொன்னா. "அவன் மூன்றாவதே இன்னும் முடிக்கேல்லையே அம்மா" என்றேன். "அவனுக்கு ஆர் கேட்டது" என்றா.

அடுத்த எபிசோடில் திரும்ப ஆப்களுக்கு வருவம். அதுவரை நல்லா நீந்துங்கோ.